காப்புக் கட்டிய ஐந்தாம் நாள்

தீமிதிக்குக் காப்புக் கட்டினால்
குன்யா போடக் கூடாது.
இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக
என் வாய் சும்மா இருந்தது.

முதல் நாள் தலைவலி.
இரண்டாம் நாள் கிடங்கில் சிமெண்டு மூட்டை எண்ணுகையில்
நாற்பத்தொன்றுக்குப் பிறகு மறுபடியும் நாற்பத்தொன்று.
ஐந்தாம் நாள் விடியலில்
பல் துலக்கித் துப்பினேன்.
வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் சிவப்பு.

பாக்கு இல்லை, சுண்ணாம்பு இல்லை,
புகையிலைத் துணுக்குகூட இல்லை.
பிறகு இது எதன் சிவப்பு?

மௌல்மீனில் யாரும்
தன் எச்சிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.
படகுத்துறைப் படி சிவப்பு.
பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் சிவப்பு.
தபாலாபீஸ் தூண்
முழங்கால் உயரம்வரை சிவப்பு.
ஊரே துப்பிய நிறத்துக்குள்
என் இரத்தம் எத்தனை வருஷம்
அடையாள அட்டை இல்லாமல் நடமாடியதோ!

பல் டாக்டர் மி தோ சான், மோன் பெண்.
அட்டையில் இருந்த பெயரை வாசித்தார்:
கோ தான் நைங், வாயைத் திறங்க.
பரஞ்சோதி வாயைத் திறந்தான்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே
மெல்லிய கம்பியை இறக்கி இறக்கி
நாலு, ஆறு, ஆறு, ஏழு என்று
பர்மியில் சொல்லிக்கொண்டே போனார்,
கிணற்றில் இறங்கினவன்
ஆழம் சொல்வதுபோல.

சுரண்டி எடுத்த வெள்ளை மாவைக்
கண்ணாடித் துண்டில் தேய்த்து
நுண்ணோக்கியில் வைத்தார். கரண்ட் போனது.
போனால் என்ன என்று
கைபேசி வெளிச்சத்தை அடியில் பிடித்தார்.
பாருங்க.

திருகாணிபோல் சுழன்றவை,
ஊசிபோல் நீட்டிக் கிடந்தவை,
மணி கோத்ததுபோல் வரிசையில் நின்றவை.
தாயே, சந்தைநாள் கூட்டம்!
இத்தனை பேரை வைத்துக்கொண்டா
உன் பெயரைச் சொன்னேன்?

"முதலில் வருகிறவை சாது. பல்லில் ஒட்டும், அவ்வளவுதான்.
அவற்றின் முதுகில் வேறு சில ஒட்டும்.
காற்றே ஆகாதவை கடைசியில் வந்து
ஈறுக்கு அடியில் இருட்டில் குடியேறும்.
ஈறு கசியும். கசிகிற இரத்தத்தின் இரும்பு
அவற்றுக்குச் சோறு.
நீங்கள் கசியக் கசிய அவை பெருகும்."

எலும்பைத் தின்றதும் அவைதானே, என்றேன்.
எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
பல்லுக்கு நடுவே எலும்பு
வற்றிய ஆற்றின் கரைபோல் இறங்கியிருந்தது.

"இல்லை. பெரும்பாலும் உங்கள் ஆட்கள்தான்.
விரட்டச் சொல்லி உடம்பு அனுப்பியவர்கள்.
விரட்டவும் முடியாமல், திரும்பிப் போகவும் தெரியாமல்
காவலுக்கு வந்த இடத்தையே
இடித்துக்கொண்டிருக்கிறார்கள்."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
வெளியே யாரும் இல்லை.

பூக்குழி இறங்கினேன்.
பாதத்தில் ஒரு கொப்புளம் கிடையாது.
கீழ்த்தாடையில் இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு நாலு சனிக்கிழமை.
படகை ஏற்றிக் கவிழ்த்து
அடியில் ஒட்டின சிப்பியைச் சுரண்டுகிற அதே சத்தம்
என் மண்டைக்குள்ளிருந்து வந்தது.
காரை பெயர்ந்து விழுந்தது, கறுப்புக் கறுப்பாக.
ஆடுகிற பல்லில் ஒன்று தப்பியது.
மற்றதைத் தாளில் மடித்துத் தந்தார்.
எங்கே போட்டேன் என்று நினைவில்லை.

வாசலில் அமுர்தவல்லியின் குன்யாக் கடை.
சுண்ணாம்பு தடவுகிற விரல்
வருஷம் பூராவும் வெந்தே இருக்கும்.
நீயும் ஒருநாள் போடாமல் துப்பிப் பாரேன், என்றேன்.
கடைக்காரியே போடாவிட்டால்
வாங்குகிறவன் என்ன நினைப்பான், என்றாள்.
சிரித்தாள், சிவப்பாகத்தான்.

நேற்று நான் எழுந்தபோது
அந்தப் பீங்கான் கிண்ணம்
கழுவிக் கவிழ்த்திருந்தது,
ஈரம் இன்னும் காயாமல்.
நான் கழுவவில்லை.

கடை திறக்க நேரமாச்சு என்று
தண்ணீர் தெளித்த வெற்றிலைக் கூடையைத்
தூக்கிக்கொண்டு போனாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.